ஒன்பது பிழைகள்

“காகத்தைக் காட்டிக் கிளின்னு சொன்னா எப்படிம்மா?”

நாகராஜன் மதிப்பெண் தாளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கேட்டார். எதிரே சிவாஜினி தலை குனிந்து நின்றாள். பயிற்சிக்கு வந்திருந்த மற்ற பத்தொன்பது பேரும் அவளையே பார்த்தார்கள்.

கடல் கடந்த கிளென் வேவர்லியில் ஒரு சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளி. வீட்டில் தமிழ், வெளியில் ஆங்கிலம் என்று வளரும் பிள்ளைகளுக்கு எப்படிப் பாடம் நடத்துவது என்று புது ஆசிரியர்களைத் தயார்செய்யும் பொறுப்பு நாகராஜனுக்கு. வாரநாளில் அவர் ஐடி கம்பெனி மேனேஜர். தப்புக் கண்டுபிடிக்கச் சம்பளம் வாங்குகிறவர். சனிக்கிழமை அதையே இலவசமாகச் செய்தார்.

சிவாஜினி யாழ்ப்பாணத்தில் டீச்சராக இருந்தவள். இங்கே பக்கத்து ஊரான ஸ்பிரிங்வேலில் ஒரு மளிகைக் கடையில் வேலை. இன்று பிள்ளைகளுக்கு நடத்திக் காட்டிய மாதிரி வகுப்பில் தேறினால் அடுத்த பள்ளிப் பருவத்தில் அவளுக்கென்று ஒரு வகுப்பு கிடைக்கும். அதற்காகவே மூன்று வாரமாகக் கடைக்கு லீவு போட்டு வந்துகொண்டிருந்தாள்.

“செவ்வாய்க்கு அடுத்தது வியாழனாம். யானைக்கு அஞ்சு காலாம். மொத்தம் ஒன்பது தப்பு!”

ஒன்பதையும் உரக்க வாசித்தார். வாசிக்க வாசிக்க அவருக்கே தன் கெட்டிக்காரத்தனத்தை நினைத்துப் பெருமையாக இருந்தது.

“பிள்ளைங்க சும்மா இருந்தாங்களா? ஒரே கூச்சல். என் பொண்ணு அக்ஷராகூட பெஞ்சு மேல ஏறி நின்னு, ‘இல்ல டீச்சர், யானைக்கு நாலு கால்தான், நான் ஜூவுல பாத்திருக்கேன்’னு கத்தறா!”

வீட்டில் ‘ம்’ என்பதைக்கூட ஆங்கிலத்தில் சொல்லும் பெண் அது. அவள் முழுசாக ஒரு வாக்கியம் தமிழில் பேசியது நாகராஜன் காதில் விழுந்தது, மண்டையில் ஏறவில்லை. ‘வகுப்பில் ஒழுங்கு: பூஜ்யம்’ என்று எழுதி அடிக்கோடும் போட்டிருந்தார்.

“மன்னிச்சுக்கோங்க. உங்களுக்கு க்ளாஸ் தர முடியாது.”

“சரி, சேர்” என்றாள் சிவாஜினி. கண் கலங்கிவிட்டது.

மற்றவர்கள் டீ குடிக்கப் போனார்கள். கடைசி ஆளும் வெளியே போகும்வரை காத்திருந்து, அவள் பையிலிருந்து சில தாள்களை எடுத்துக்கொண்டு தயங்கித் தயங்கி வந்தாள்.

“சேர், கோவிக்காதேங்கோ. நீங்கள் போன கிழமை தந்த நோட்ஸில ஏழாம் பக்கத்தில இருக்கிறதைத்தான் செய்தனான்.”

ராப்பகலாக உட்கார்ந்து தயாரித்ததாக அவர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்ட நோட்ஸ். நாகராஜன் அவள் நீட்டிய பிரதியில் ஏழாம் பக்கத்தைப் புரட்டினார்.

‘ஆசிரியர் வேண்டுமென்றே தவறு செய்ய வேண்டும். திருத்தும் ஆவலில் பிள்ளைகள் தங்களை அறியாமல் தாய்மொழியில் பேசிவிடுவார்கள்.’

நல்ல யோசனையாகத்தான் இருந்தது. நாகராஜன் அதை இப்போதுதான் முதல் தடவையாகப் படிக்கிறார். அமெரிக்காவில் ஸ்பானிஷும் ஆங்கிலமும் பேசும் பிள்ளைகளின் ஆசிரியர்களுக்காக யாரோ எழுதியது அது. இணையத்தில் அகப்பட்டதைக் கம்ப்யூட்டரிடம் கொடுத்து மொழிபெயர்க்க வைத்து, ஸ்பானிஷ் என்று வந்த இடத்திலெல்லாம் தமிழ் என்று மாற்றச் சொல்லி ஒரு பட்டனைத் தட்டியிருந்தார். மேலே தன் பெயரைப் போட்டது மட்டும்தான் அவர் சொந்தமாகச் செய்த வேலை.

அடுத்த வரி பென்சிலால் லேசாக அடிக்கப்பட்டிருந்தது. கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படித்தார்.

‘மெக்சிகோவில் கோடிக்கணக்கான மக்கள் தமிழ் பேசுகிறார்கள்.’

டீ குடிக்கும் இடத்திலிருந்து பலத்த சிரிப்புச் சத்தம் கேட்டது. நாகராஜன் சட்டென்று கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

“இது… இத எல்லாரும் படிச்சிட்டாங்களா?”

“இல்லை சேர். பிரதி எடுத்துக் குடுக்கச் சொல்லி என்னட்டைத்தானே தந்தனீங்கள்? மற்றப் பத்தொன்பதிலயும் அந்த வரியைக் கறுப்பு மார்க்கரால அழிச்சுப்போட்டுத்தான் குடுத்தனான்.”

அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“உங்கட பிழையை நான் ஒருத்தருக்கும் வாசிச்சுக் காட்டேல்லை, சேர்.”