இங்கேயே சாப்பிடு

தட்டைப் பார்த்ததும் பச்சையம்மா ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

வீட்டுக்காரர்கள் சாப்பிடும் பீங்கான் தட்டு. ஆறு வருடமாக அவள் தேய்க்கிற தட்டு. அதில் ஒரு நாளும் அவளுக்கு எதுவும் வந்ததில்லை. அவளுடைய தட்டு சிங்க்குக்கு அடியில் தனியாகக் கவிழ்ந்து கிடக்கும்.

நடுவில் ஒரே ஒரு பிஸ்கட். வீட்டுக்கார அக்கா அதைக் குக்கீஸ் என்றாள். ஓட்ஸ், சாக்லேட், வேர்க்கடலை வெண்ணெய் எல்லாம் போட்டு, தன் கையால் செய்தது.

"சூட்டோட சாப்பிடு, பச்சையம்மா."

வழக்கம்போல முந்தானையில் முடியப் போனாள். இந்த வீட்டில் எது கிடைத்தாலும் மகளுக்குத்தான். அக்காவுக்கும் அது தெரியும்.

"வீட்டுக்கெல்லாம் வேணாம். இங்கயே சாப்பிடு."

இது புதுசு.

பாத்திரம் தேய்க்கும்போதே கவனித்திருந்தாள். அலமாரியின் கடைசியிலிருந்து வந்தது அந்த வெண்ணெய் பாட்டில். அக்கா கண்ணாடி போட்டுக்கொண்டு அதன் அடியில் அச்சடித்திருந்த தேதியை வாசித்தாள். முகர்ந்தாள். மூடினாள். மறுபடி திறந்தாள். பிறகு மொத்தத்தையும் வழித்து மாவில் போட்டாள்.

அதற்கு மேல் சாக்லேட். அள்ளி அள்ளி.

மேசையில் இருபது பிஸ்கட் ஆறிக்கொண்டிருந்தன. அக்கா ஒன்றைக்கூட வாயில் வைக்கவில்லை. அவள் குழந்தை இனியா இரண்டு முறை கை நீட்டினாள். இரண்டு முறையும் கையில் அடி வாங்கினாள்.

பச்சையம்மா பிட்டு மூக்கருகே கொண்டுபோனாள்.

சாக்லேட் வாசனை. அதற்கு அடியில் இன்னொன்று.

பத்து வயதிலேயே திண்டிவனத்தில் கடலை உடைக்கப் போனவள். கெட்டுச் சிக்கு வாடை பிடித்த கடலையை, மூட்டையைப் பிரிக்கும் முன்பே சொல்லிவிடுவாள்.

அக்கா நகரவில்லை. இவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

வேண்டாம் என்றால் நாளைக்கு இந்த வீட்டுக்கு வேறு ஆள் வரும்.

சிரித்தபடி பாதியை நீட்டினாள்.

"நீங்களும் ஒரு வாய் சாப்டுங்கக்கா. இவ்ளோ நேரம் நின்னு செஞ்சீங்க."

சனிக்கிழமை விரதம் என்றாள் அக்கா.

காலையில் அக்கா தின்ற இட்லித் தட்டு இன்னும் சிங்க்கில் கிடந்தது.

எங்கிருந்தோ ஓடிவந்த இனியா அந்தப் பாதியைப் பிடுங்கினாள். வாய் வரைக்கும் போய்விட்டது.

அந்தச் சின்ன மணிக்கட்டை இரண்டு பேர் கைகளும் ஒரே நேரத்தில் பிடித்தன.

பச்சையம்மா குழந்தையைப் பார்க்கவில்லை.

அக்காவைப் பார்த்தாள்.