எலி மட்டும்தான் நகரணும்

“கையும் களவுமா பிடிச்சுட்டேன் டீச்சர்!”

பிஸ்கட் பாக்கெட்டைக் கோப்பை மாதிரி தூக்கிப் பிடித்தபடி மேலாளர் வகுப்புக்குள் நுழைந்தார். அவருக்குப் பின்னால், துளியும் கவலையில்லாமல், சட்டாம்பிள்ளை வந்தாள்.

ஆட்டிசம் உள்ள இளைஞர்களுக்கான அந்த அனிமேஷன் வகுப்பில், யார் விதியை மீறினாலும் முதலில் அதட்டுவது அவள்தான். இருபத்திரண்டு வயதில் அந்தப் பட்டப்பெயர் அவளுக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

“என் அலமாரியில கைய விட்டுட்டு நிக்கிறா. வர்ற விருந்தாளிக்கெல்லாம் வெறும் டீயைக் கொடுத்து என் மானம் போகுது. ஏம்மா, தினமும் நீதானே எடுத்தே?”

“ஆமா.”

“யாருக்குக் கொடுத்தே?”

“யாருக்கும் கொடுக்கல.”

“அப்ப மொத்தமும் உன் வயித்துக்குள்ள!”

“எனக்கு பிஸ்கட் பிடிக்காது. வாய்ல மணல் மாதிரி இருக்கும்.”

“மணல் மாதிரி இருக்கும்,” என்றான் ரேடியோ. கடைசியாகக் காதில் விழுந்ததை அப்படியே ஒலிபரப்புவது அவன் வழக்கம்.

டீச்சருக்குச் சுருக்கென்றது. இந்தப் பெண்ணுக்குப் பொய்யே வராது. போன வாரம்கூட, “மிஸ், இந்தச் சுடிதார்ல நீங்க உறை பத்தாத தலையணை மாதிரி இருக்கீங்க” என்று எல்லார் முன்னாலும் உண்மையைப் போட்டு உடைத்தவள். இப்போது பொய் சொல்கிறாள். கடைசியில் இவளும் நம்மைப்போல ஆகிவிட்டாளே என்று மனதின் ஒரு மூலையில் சந்தோஷமாகக்கூட இருந்தது. அப்படிச் சந்தோஷப்பட்டதற்கு உடனே வெட்கமாகவும் இருந்தது.

“நாளையிலேருந்து இவ இங்க வர வேண்டாம்,” என்றார் மேலாளர்.

“சார், இவ இல்லாட்டி படமே இல்ல. ஒரே ஒரு தடவை படத்தைப் பாருங்க, அப்புறம் விரட்டுங்க.”

பாக்கெட்டைச் சாட்சிப் பொருளாக மேசைமேல் வைத்துவிட்டு அவர் முறைப்போடு உட்கார்ந்தார்.

மேசையில்தான் படப்பிடிப்பும். ஒரு களிமண் எலி, அதன் எதிரே தட்டு நிறைய நிஜ பிஸ்கட். எலியை மயிரிழை நகர்த்தி ஒரு போட்டோ, இன்னும் மயிரிழை நகர்த்தி இன்னொன்று. முதல் நாளே டீச்சர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள்: “எலி மட்டும்தான் நகரணும். மத்தபடி ஒரு துரும்பு மாறினாலும் படம் நாசம்.” அன்றிலிருந்து சட்டாம்பிள்ளை அந்த மேசையைவிட்டு அசைவதில்லை.

டீச்சருக்கும் திரையில் கண்ணை வைத்துவிட்டால் உலகம் மறந்துபோகும். காலையில் வெறும் வயிற்றோடு ஓடி வருவாள். சாயங்காலம்வரை பசியே எடுக்காது. ‘பிடிச்ச வேலை செஞ்சா வயிறு தானா நிறைஞ்சிடும்’ என்று அம்மாவிடம் அளந்துவிடுவாள்.

விளக்கை அணைத்தார்கள். திரையில் எலி மீசையைத் துடிக்கவிட்டது, பதுங்கியது, தட்டைச் சுற்றிச் சுற்றி வந்தது. மேலாளர் சிரிப்பை இருமலாக மாற்றிப் பார்த்தார். முடியவில்லை.

“அட! இத்தனை மாசமா எடுத்திருக்கீங்க, தட்டுல ஒரு பிஸ்கட்கூடக் குறையலியே? என் ஆபீஸ்ல ஒரு மணி நேரம் தாங்காது.”

“அதான் சார் என் பிள்ளைங்க!” டீச்சரின் கண் திரையைவிட்டு நகரவில்லை. “அதுல ஒண்ணைக்கூட யாரும் தொட்டதில்ல. இவளைப் போய் திருடின்னு சொல்றீங்களே!”

இருட்டில் ‘மொறுக்’கென்று ஒரு சத்தம்.

“லைட்டைப் போடுங்க!” மேலாளர் துள்ளி எழுந்தார். “என் எதிர்லயே ஆரம்பிச்சுட்டா, பாருங்க!”

“ஆரம்பிச்சுட்டா, பாருங்க,” என்றான் ரேடியோ.

விளக்கு எரிந்தது. சட்டாம்பிள்ளை சாட்சிப் பொருளைப் பிரித்து, அதிலிருந்து ஒரு பிஸ்கட்டை எடுத்து, தட்டில் காலியாக இருந்த இடத்தில், பூப்போட்ட பக்கம் மேலே வரும்படி கவனமாக வைத்துக்கொண்டிருந்தாள்.

“மெதுவா சாப்பிடுங்க மிஸ். இதுதான் கடைசி பாக்கெட்.”