இடது பக்க வெளிச்சம்

“லைட்ட இடது பக்கமா எறக்குங்க தம்பி!” நீச்சல் குளத்தின் விளிம்பில் நின்றுகொண்டு சேனாதிபதி மறுபடியும் கத்தினார்.

இடுப்பளவு தண்ணீரில் கேமராவோடு நின்ற முகேஷுக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறியது. கல்யாணத்துக்கு முன்னால் தண்ணீருக்கடியில் கட்டிப்பிடித்துப் படம் எடுத்துக்கொள்ளும் இளசுகளைத்தான் இந்தக் கொடைக்கானல் விடுதியில் அவன் இதுவரை எடுத்திருக்கிறான். பக்கத்து வில்பட்டியில் பூண்டு பயிரிடும் ஐம்பது வயது அம்மாளுக்கு இந்த ஆசை எங்கிருந்து வந்ததோ!

“கல்யாண நாளாம்மா?” என்று வந்தவுடனேயே கேட்டுப் பார்த்தான். சேனாதிபதியின் மனைவி மகாதேவி சேலைத் தலைப்பை இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொண்டாள்.

“மூச்சடக்கத் தோட்டத்துத் தொட்டியில முங்கிப் பழகிட்டுத்தான் வந்திருக்கேன்ப்பா. வெரசா எடு” என்றாள்.

தண்ணீருக்கடியில் பளிச்சென்று மின்னுகிற ஸ்ட்ரோப் விளக்குகள் அவனிடம் இருந்தது இரண்டு. அதில் ஒன்று, தண்ணீர் புகுந்து போன வாரம்தான் உயிரை விட்டிருந்தது. அகன்ற லென்ஸுக்கு ஒற்றை விளக்கை மட்டும் வைத்து எடுப்பதென்றால், அதைக் கேமராவுக்கு நேர் மேலே தூக்கிக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்துவிட வேண்டும். அப்போதுதான் வெயில் மாதிரி வெளிச்சம் மேலிருந்து விழும். தண்ணீரில் மிதக்கும் தூசியும் மின்னித் தொலைக்காது.

“மேல வச்சாத்தாங்கய்யா அம்மா மொகம் தெளிவா வரும். இடது பக்கம் வச்சா மறுபக்கம் இருட்டாயிரும்.”

“இருட்டானா ஆயிட்டுப் போகுது. நீங்க எறக்குங்க.”

முகேஷ் காதில் விழாத மாதிரி மேலேயே வைத்து எடுத்தான். படம் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல வந்திருந்தது. சேனாதிபதி கேமராத் திரையை ஒரு தடவை பார்த்தார், தன் கைபேசியை ஒரு தடவை பார்த்தார்.

“இது ஆகாது தம்பி.”

யூடியூபில் எதையோ பார்த்துவிட்டு வந்து உயிரை வாங்குகிறாரே மனிதர் என்று முகேஷ் பல்லைக் கடித்தான்.

பனிமூட்டம் குளத்தின் மேலேயே இறங்கியிருந்தது. சூடேற்றிய தண்ணீர் என்று பேர்தான். மகாதேவிக்கு உதடு நீலம் பாரித்து, பல் தந்தியடித்தது. இன்னும் ஒரு முங்கலுக்கு மேல் அவள் தாங்க மாட்டாள் என்று முகேஷுக்குத் தெரிந்தது. நல்ல படத்தை வேண்டாம் என்கிறவர்களை வைத்துக்கொண்டு அவன் என்னதான் செய்வான்? கோபமாகவும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

“போதும்மா, ஏறிருங்க. ஒடம்புக்கு ஆகாது.”

“அவரு சொல்ற மாதிரி ஒண்ணே ஒண்ணு எடுத்துருப்பா. ஒனக்குப் புண்ணியமாப் போகும்.” ஈரக் கையைக் கூப்பிவிட்டாள்.

விளக்கு பொருத்திய கம்பியை இடது பக்கம் மடக்கித் தாழ இறக்கினான்.

மகாதேவி முங்கினாள். கண்ணைத் திறந்தபடி படத்தின் இடது ஓரத்துக்கு ஒதுங்கி, வலது பக்கமாகத் தன் கையைத் தோள் உயரத்துக்கு நீட்டினாள். நடுவுக்கு வரச் சொல்லி அவன் சைகை காட்டியும் அசையவில்லை. வேறு வழியில்லாமல் அவன் பொத்தானை அழுத்தினான்.

மேலே ஏறிய மனைவிக்குச் சேனாதிபதி துண்டைப் போர்த்திவிட்டார். அந்தப் படத்தைக் காட்டவே முகேஷுக்குக் கூச்சமாக இருந்தது. முகத்தில் ஒரு பாதி வெளிச்சம், ஒரு பாதி இருட்டு. நீட்டிய கைக்குக் கீழே வெறும் தண்ணீர்.

“இதான்! இதான் தம்பி!” சேனாதிபதி தன் கைபேசியைக் கேமராத் திரைக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார்.

“வலது பக்கம் பூராம் காலியாக் கெடக்குங்கய்யா. அத வெட்டிட்டாவது தர்றேன்.”

“வெட்டிராதீங்க! ரெண்டு போட்டோவுலயும் வெளிச்சம் ஒரே பக்கமா விழுந்திருந்தாத்தான் சேத்து ஒட்ட முடியும்னு ஸ்டுடியோக்காரரு சொல்லிருக்காரு.”

முகேஷுக்கு ஒன்றும் விளங்கவில்லை. “ரெண்டு போட்டோவா? எதெதுங்க?”

மகாதேவி ஈர விரலால் திரையைத் தொட்டாள்.

“இது ஒண்ணு. ஒடம்புகூடக் கெடைக்காத எம்மவன், கடலுக்குள்ள முங்கி நின்னு கடைசியா எடுத்துக்கிட்டது ஒண்ணு.”