மாதிரிப் படம்

சிரிப்புக்கு இருநூறு. இறந்தவர் படத்தில் உம்மென்று இருந்தால், உதட்டோரத்தை லேசாகத் தூக்கிவிட அந்த டிசைன் ஸ்டுடியோவில் அதுதான் விலை. அதிலும் பேரம் பேசுவார்கள்: “பாதிச் சிரிப்புப் போதும், நூறு வாங்கிக்குங்க.”

நினைவு அட்டையின் மாதிரியில் மட்டும் செலவில்லாத சிரிப்பு. கடை திறந்த நாளிலேயே முதலாளி தன் மனைவியின் படத்தை அதில் போட்டிருந்தார். “என் மூஞ்சியைக் காட்டியே பொழைக்கிறீங்க, கூலி எங்கே?” என்று கடைக்கு வரும்போதெல்லாம் அவள் வம்புக்கு இழுப்பாள்.

“கணக்குல எழுதிக்கோ” என்பார்.

இன்று காலை முதலாளி ஒரு நினைவு அட்டையை மின்னஞ்சலில் அனுப்பி, ‘உடனே அச்சுக்கு’ என்றிருந்தார். பிழை பார்க்கும் பெண் அதைத் திறந்தாள். முகத்தைக் கண்டதுமே அவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. போனை எடுத்தாள்.

“சார், மாதிரிப் படத்தை மாத்த மறந்துட்டீங்க! அப்படியே அச்சாகியிருந்தா மானம் கப்பலேறியிருக்கும். அக்காவுக்குத் தெரிஞ்சா உங்க தோலை உரிச்சிடுவாங்க.”

சிரித்துக்கொண்டே அவள் அந்தப் படத்தை நீக்கப் போனாள்.

“சார்? பார்ட்டியோட ஃபோட்டோவை அனுப்புங்க.”

“தேதியைப் பாரும்மா.”

மாதிரியில் மறைந்த நாளுக்கு வெறும் பூஜ்யங்கள் இருக்கும் இடத்தில் இன்றைய தேதி இருந்தது.

“ஆஸ்பத்திரியிலேருந்துதான் பேசறேன். படம் சரியாத்தான் இருக்கு.”

அவர் தொடர்ந்தார்:

“பில்லு போடும்மா. சிரிப்புக்கு ஒண்ணுமில்லை, அது அவளோடது. கீழே இன்னொரு வரி எழுதிக்கோ. அவளுக்குக் கூலி, பதினோரு வருஷம். பாக்கி.”