தொண்ணூறு சதவீதம்

"யாருய்யா போனை எடுத்தது?"

மேனேஜர் போட்ட சத்தத்தில் ஆபீஸே நடுங்கியது. தலைமை அலுவலகத்திலிருந்து டெலிபோன் லைன் வழியாகக் கம்ப்யூட்டரில் இறங்கிக்கொண்டிருந்த ஃபைல், காலையிலிருந்து மூன்றாவது முறையாகத் தொண்ணூறு சதவீதத்தில் அறுந்துபோயிருந்தது. யாராவது ரிசீவரைத் தூக்கினால் போதும், மறுபடி முதலிலிருந்து.

ஹாலில் இருந்த போன்களை எல்லாம் பிடுங்கி, பீரோவில் வைத்துப் பூட்டினார்.

"திரும்ப ஆரம்பிம்மா. அஞ்சு மணிக்குள்ள வந்தாகணும்."

கம்ப்யூட்டர் ஆபரேட்டர் பவ்யமாகக் கீபோர்டைத் தட்டினாள். ஐந்தாகப் பத்து நிமிஷம் இருக்கும்போது, "தொண்ணூறு வந்தாச்சு சார்!" என்றாள். "ஹெட் ஆபீஸ்ல காத்துக்கிட்டிருப்பாங்க. எப்பவும்போல நீங்களே ஒரு வார்த்தை சொல்லிட்டா நல்லா இருக்கும்."

மேனேஜருக்கு உச்சி குளிர்ந்தது. தன் அறைக்கு ஓடிப் போனை எடுத்தார். வழக்கம்போலக் காதில் கீச்சென்று கத்தியது. இரண்டு தட்டு தட்டியதும் வழிக்கு வந்தது.

"வந்துக்கிட்டே இருக்கு சார்! எல்லாம் என் மேற்பார்வைதான்!"

வெளியே வந்து பார்த்தால், திரையில் 'இணைப்பு துண்டிக்கப்பட்டது'.

"இந்த மெஷினை நம்பினா நடுத்தெருதான்!" என்று தலையில் அடித்துக்கொண்டார். மணி ஐந்து அடித்தது.

ஆபரேட்டர் கம்ப்யூட்டருக்கு உறை மாட்டினாள். மேனேஜருக்குத் தெரியாத விஷயம் இரண்டே இரண்டு. அவர் அறைப் போனுக்கும் கம்ப்யூட்டருக்கும் ஒரே லைன். அந்த ஃபைலில் இருந்தது, இன்று ஐந்துக்குள் வந்து சேராவிட்டால் செல்லாமல் போகும் அவளுடைய டிரான்ஸ்பர் ஆர்டர்.

அவளுக்கு இரண்டும் தெரியும். ஹெட் ஆபீஸில் உட்கார்ந்து ஃபைலை அனுப்பிக்கொண்டிருந்தது அவளுடைய கூடப்பிறந்த அக்கா.