ஆறு பாக்கெட் தண்ணீர்

குமாசி நகரத்துப் பட்டறைத் தெருவின் தகரக் கூரைகளில் உச்சிவெயில் காய்கிறது. மூடியைத் தூக்கி நிறுத்திய டாக்ஸிக்குள் குனிந்து, மெக்கானிக் போவாச்சி ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவுகிறான். நுனியில் கறுப்பு ஆயில் இல்லை. ஆயிலில் தண்ணீர் கலந்து, பால் விட்ட டீ மாதிரி வெளுத்த குழம்பு. "ஏசியப் போட்டுக்கிட்டே மலை ஏறினியாக்கும். சூடேறி நின்னதும் என்னத்த ஊத்தினே?" டாக்ஸிக்காரன் டாப்பா குரலைத் தாழ்த்துகிறான். "ஐஸ் பாக்கெட் தண்ணி. ஆறு." "கொதிக்கிற எஞ்சின்ல ஐஸ் தண்ணிய ஊத்தினா விரிசல் விடாம என்னய்யா செய்யும்? எஞ்சின் போச்சு," போவாச்சியும் தாழ்ந்த குரலிலேயே சொல்கிறான். இரண்டு வருஷம் டாப்பா அடுத்தவன் வண்டியாக ஓட்டிய டாக்ஸி, ஒன்பது நாளைக்கு முன்னால்தான் அவன் பேருக்கு மாறியிருக்கிறது. ரேடியேட்டர் வாயிலிருந்து துருநிறத் தண்ணீர் சொட்டுச் சொட்டாக மண்ணில் விழுகிறது. டாப்பா பின்சீட்டைப் பார்க்கிறான். மனைவி செர்வா காலிப் பாக்கெட்டுகளை மடியில் வைத்து நீவிக்கொண்டிருக்கிறாள். மலைமேல் ஒவ்வொன்றின் முனையையும் பல்லால் கடித்துத் துப்பி, பதறிப் பதறி அவன் கையில் கொடுத்தவள் அவள்தான். இப்போது ஜன்னலில் தலையை நீட்டுகிறாள். "என்னங்க, நான் குடுத்த தண்ணி போதலையோ?" போவாச்சி வாயைத் திறக்கிறான். டாப்பா முந்திக்கொள்கிறான். "ஆமா, போதலை." "இன்னும் நாலு வாங்கலாம்னு சொன்னேன், கேட்டீங்களா?" என்று அவள் அலுத்துக்கொள்கிறாள். அவன் கம்பியை வாங்கி, அவள் கண்ணில் படுவதற்குள் தன் சட்டையில் துடைக்கிறான்.