மிச்சக் கறி

"இந்தக் கறிய முதல்ல சோதிச்சுப் பாருங்க டொக்டர்! இதுலதான் என்னமோ போட்டிரிக்கா!"

சித்தி மரியம் போட்ட சத்தத்தில் வார்டே திரும்பிப் பார்த்தது. அவள் கையில் ஒரு ஜாம் போத்தல். அதற்குள், மத்தியானம் புருஷன் றவூப் சாப்பிட்டு மிச்சம் வைத்த மீன்கறி. மாம்புரியிலிருந்து வேனில் வரும்போதுகூட அதை மடியைவிட்டு இறக்கவில்லை.

அவள் விரல் நீட்டியது மருமகள் அகீலாவை. அந்தப் பிள்ளை பர்தாவின் நுனியைப் பிடித்துக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றது. பாவம், வாயைத் திறந்தால் மட்டும் யார் கேட்கப் போகிறார்கள்?

கட்டிலில் றவூப் புழுவாய்த் துடித்தார். தென்னந்தோட்டமும் படகுகளுமாக ஊரையே அதட்டிக்கொண்டிருந்த மனிதர். கொஞ்சக் காலமாகச் சோறு உள்ளே போனதும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குந்திவிடுவார். சாப்பாட்டைக் கண்டாலே பயந்து பயந்து ஆள் பாதியாகிவிட்டார்.

"இவ வந்து சமைக்கத் தொடங்கினதுலருந்துதான் டொக்டர் இந்த வயித்து வருத்தம். இவட வாப்பா மௌத்தான நேரம் மய்யித்தப் பாக்க இவர் விடல்ல. அத மனசுல வெச்சிக்கிட்டுச் செய்றா!"

தகப்பன் இறந்தபோது மய்யித்தின் முகம் பார்க்க விடாதது உண்மைதான். தகப்பன் தர வேண்டிய சீதன வீடு கட்டி முடியாததால் அகீலா மாமி வீட்டிலேயே இருந்தாள். "வீட்ட அரைச் சுவரோட விட்ட மனிசன்ட மய்யித்துக்கு என்ட வீட்டுலருந்து ஒருத்தரும் போகப்படாது" என்று றவூப் வாசலில் கதிரையைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். அவளுடைய ஊர் எத்தாளைக்கு பஸ் ஏறினால் போய்விடலாம். ஒரே மகள், போக விடவில்லை. இப்படியும் ஒரு கல்நெஞ்சு!

டொக்டர் றஸீன் வயிற்றை அமுக்கிப் பார்த்தார். வயிறு மெத்தென்றுதான் இருந்தது. வலியோ உயிர் போகிற வலி. அவர் முகம் மாறிவிட்டது.

"இதே சாப்பாட்டச் சாப்பிட்ட வேற யாருக்கும் வருத்தமா?"

"மாமாக்கு வேற சட்டி" என்றாள் அகீலா மெதுவாக. "பிரஷர் இரிக்கிறதால உப்பில்லாமத் தனியச் சமைக்கிற."

"கேட்டீங்களா, அவட வாயாலயே வருது!"

சித்தி மரியம் கட்டாரில் வேலை செய்யும் மகன் அஸாமை ஃபோனில் பிடித்து ஸ்பீக்கரில் போட்டாள். "நஞ்சு எண்டு டொக்டர் ஒரு சொல்லுச் சொன்னாப் போதும் உம்மா. பொலிசுல குடுங்க. நான் தலாக் சொல்லிடுறேன்." வார்டு முழுக்கக் கேட்டது. அகீலாவின் உதடு வெளுத்துப் போனது. டொக்டரின் அந்த ஒரு சொல்லில்தான் இனி அவள் வாழ்க்கை.

ஸ்கேன் எடுத்துவிட்டு டொக்டர் ஓடிவந்தார்.

"குடலுக்கு ரத்தம் கொண்டு போற குழாய் அடைபட்டிரிக்கி. குடல் செத்துக்கிட்டு வருது. இப்பவே ஒப்பரேஷன் செய்யணும், பிந்தினா ஆள் மிஞ்ச மாட்டார். மத்தத உள்ள பாத்துட்டுத்தான் சொல்லலாம்."

தியேட்டர் கதவு மூடியது. பின்னேர அஸர் தொழுகைக்கு பாங்கு சொன்னார்கள். கதவு திறக்கவில்லை. சித்தி மரியம் தஸ்பீஹ் மணி உருட்டினாள், உருட்டிய கையோடு மருமகளை முறைத்தாள். ஆஸ்பத்திரிப் பொலிஸ்காரர் ஒருவர் வந்து, போத்தலையும் அகீலாவையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார். அகீலா கண்ணை மூடி ஓதிக்கொண்டே இருந்தாள்.

பொழுது சாய்கிற மஃரிபுக்குக் கொஞ்சம் முன்னால் டொக்டர் வெளியே வந்தார். முகத்தில் சிரிப்பு.

"அடைப்ப எடுத்தாச்சு. கறுத்துப் போன குடல் எங்கட கண்ணுக்கு முன்னாலயே சிவந்து வந்திச்சு. தப்பிடுவார், இன்ஷா அல்லாஹ்."

"அப்ப நஞ்சு?"

"நஞ்சுமில்ல, ஒண்டுமில்ல. குழாய் கன காலமாச் சுருங்கி வந்திரிக்கி. அதுதான் சாப்பிட்ட நேரமெல்லாம் வலி. சும்மா அந்தப் புள்ளட தலையில பழியப் போடாதீங்க."

பொலிஸ்காரர் போய்விட்டார். சித்தி மரியம் போத்தலைத் தூக்கிக்கொண்டு போனாள். கறியைக் கை கழுவும் பேசினில் கவிழ்த்து, தண்ணீரைத் திறந்துவிட்டு, போத்தலைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். திரும்பி வந்து மருமகளைக் கட்டிப் பிடித்து ஓவென்று அழுதாள்.

"என்ன மன்னிச்சிடு புள்ள. என்ட நாக்கு அழுகிப் போகும். இனி அவர்ட சட்டிப் பக்கமே நான் வரமாட்டன். ஒன்ட கையாலயே ஆக்கி, ஒன்ட கையாலயே ஊட்டு."

ஃபோனில் அஸாமும் அழுதான், மன்னிப்புக் கேட்டான். அகீலா மாமியின் கண்ணைத் துடைத்துவிட்டாள். எப்பேர்ப்பட்ட பொறுமை!

போகத் திரும்பிய டொக்டரை அவள் மறித்தாள். "வயித்துல வேற ஒண்டும் காணல்லயா டொக்டர்?"

"ஒண்டுமே இல்ல. நீங்க பயப்படாம இரிங்க."

மாமி தொழப் போனாள். அகீலா ஆளில்லாத படிக்கட்டுப் பக்கம் ஒதுங்கி, எத்தாளைக்கு ஃபோன் எடுத்தாள்.

"உம்மா, மாமாட சட்டிக்கு நீங்க தந்தது காணாது. இன்னும் கொஞ்சம் அனுப்புங்க."